பஞ்சமும் ஞாயிறும்: கோடைக்கானல் வானாய்வு நிலையத்தின் தோற்றம்

பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ள கோடைக்கானல் ஞாயிற்றாய்வு நிலையத்தைக் காணச் செல்வோர், தொலைநோக்கிகளையும் பழைய ஒளிப்படத் தட்டுகளையும் வியந்து திரும்புவர். அந்நிலையத்தின் தோற்றத்திற்கு ஒரு பெரும் பஞ்சமும் காரணமாயிற்று என்பதை அவருட் சிலரே அறிவர். காலபோகத்தை விதைத்துவிட்டு ஐப்பசி வானத்தை நோக்கியிருக்கும் மல்லாவி உழவர் நடுவே வளர்ந்த எமக்கு இச்செய்தி எளிதிற் கடந்து செல்லக்கூடியதன்று.

1876-78 காலப்பகுதியில் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. பல இலட்சம் மக்கள் மடிந்தனர். ஆயின் மழை மட்டுமா பொய்த்தது? லிற்றன் பிரபுவின் ஆட்சி தானிய ஏற்றுமதியைத் தடுக்கவில்லை. நிவாரண வேலைத்தலங்களிற் கடும் உழைப்பிற்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓர் அணாவுமே போதுமென றிச்சட் ரெம்பிள் வரையறுத்தார். இவ்வேளையில், 1877இல், நோமன் லொக்கியரும் வில்லியம் ஹண்டரும் ஞாயிற்றின் கரும்புள்ளிகள் குறையும் ஆண்டுகளிலேயே சென்னையில் மழை குன்றுகிறது என்று எழுதினர். அறிவியல் வினா என்ற வகையில் அது நேர்மையானதே. எனினும் பஞ்சத்தின் பொறுப்பு ஆட்சியாளரிடமிருந்து ஞாயிற்றுக்கு மாற்றப்பட அது வாய்ப்பளித்தது என்பது மனங்கொளத்தக்கது.

மிச்சி சிமித் தேர்ந்த இடத்தில் 1895இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1901இல் ஞாயிற்று நோக்கல்கள் தொடங்கின. 1909 சனவரியில் யோன் எவர்செட், கரும்புள்ளியின் புறவட்டத்தில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. உழவனுக்குப் பயன்படும் மழைக்கணிப்போ கரும்புள்ளிகளிலிருந்து கிடைக்கவில்லை.

கோடைக்கானலுக்கு முன்னோடி, கிழக்கிந்தியக் கம்பனி 1792இற் கட்டிய சென்னை வானாய்வு நிலையம். அங்கு கருவியைத் தாங்கிய கருங்கற்றூண் ஒன்று உளது. ஆசியாவிற் கணித அறிவியல்களை முதன்முதல் நாட்டியது பிரித்தானியரின் வண்மையே என்று அதன் கல்வெட்டு பறைசாற்றுகிறது. அதுவும் தமிழ் உட்படப் பல மொழிகளில்! அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்னரே பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்ரில் புதுச்சேரியில் தங்கித் தமிழரின் கிரகணக் கணிப்பு முறையைக் கற்றிருந்தார். 1765 ஓகத்து 30ஆந் திகதிச் சந்திர கிரகணத்தின் கால அளவை அம்முறையாற் கணித்தபோது நேர்ந்த பிழை 41 விநாடி. ஐரோப்பியரான மேயரின் அட்டவணைகள் தந்த பிழை 68 விநாடி.