மெட்டு வழிகள்

பாட்டுக்கு மெட்டு உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் மலைக்கும் மெட்டு உண்டு. ஏற்றம் முடியும் முகட்டை இவ்வட்டார மக்கள் மெட்டு என்பர். காமயகவுண்டன்பட்டியின் வயல் வரப்பில் நின்று மேற்கே நோக்குவார்க்கு மலை ஒரே மதிலாகத் தோன்றும். ஆயினும் அம்மதிலில் வாயில்கள் பல உள. கூடலூருக்கு மேல் குமுளி; கம்பத்துக்கு மேல் கம்பம்மெட்டு; தேவாரத்துக்கு மேல் சாக்குலூத்துமெட்டு; போடிநாயக்கனூருக்கு மேல் போடிமெட்டு. மலைநாடு செல்வோர் இவற்றுள் எவ்வழியைத் தேர்வது என்னும் வினா காலந்தோறும் எழுந்துள்ளது. அதற்கு ஒவ்வொரு காலமும் தந்த விடையில் இப்பள்ளத்தாக்கின் வரலாறு அடங்கியுள்ளது.

காலடி வழி

மதுரையை நீங்கிய கண்ணகி, வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து மலையேறினாள் என்று சிலப்பதிகாரம் கூறும். கூடலூருக்கு மேல், எல்லை முகட்டில் நிற்கும் மங்கலதேவிக் கோட்டத்தை அவள் கோயிலாகப் போற்றுவர். சித்திரை முழுநிலா நாளில் பளியங்குடியிலிருந்து இன்றும் மக்கள் நடந்தே ஏறுகின்றனர். பூஞ்சாற்று அரச மரபினர், தம் முன்னோர் மதுரைப் பாண்டியர் என்றும், மலை கடந்து மேற்கே குடியேறியவர் என்றும் கூறுவர். சாலை போடப்படுவதற்கு முன்னர் வழியைத் தேர்ந்தவை பொதிமாடுகளின் கால்களே. நீர் கிடைக்கும் இடமும், சுமை இறக்கி இளைப்பாறும் இடமும் பார்த்தே தடம் அமைந்தது. உப்பும் அரிசியும் துணியும் மேலே சென்றன. மிளகும் ஏலமும் கீழே இறங்கின.

வண்டி வழி

1887இல் பெரியாற்று அணைப் பணி தொடங்கியபோது, வழியைத் தேர்வதே பொறியாளர் பென்னிகுயிக்கின் முன் நின்ற முதற் சிக்கலாயிற்று. அணை எழவேண்டிய இடம் அடர்காட்டின் நடுவே இருந்தது. தொடர்வண்டியோ, இன்று கொடைக்கானல் ரோடு எனப்படும் அம்மையநாயக்கனூரோடு நின்றது. அங்கிருந்து பொருள்கள் மாட்டுவண்டிகளில் பள்ளத்தாக்கின் நெடுகிலும் வந்து, கூடலூர் கடந்து, மலையேறித் தேக்கடியை அடைந்தன. குருவனூற்றுச் சுண்ணாம்புக்கல் கம்பிவடத்தில் மேலே சென்றது. தேக்கடிக்கு அப்பால் ஆறே சாலையாயிற்று. படகுகள் அணை கட்டும் இடத்திற்குச் சுமை கொண்டு சென்றன.

ஆல்ப்சு மலையில் சிம்ப்ளான் கணவாய்ச் சாலையை நெப்போலியன் தன் பீரங்கிகள் கடப்பதற்காக அமைப்பித்தான். அது 1805இல் முடிந்தது. குமுளி வழியோ சுண்ணாம்பையும் இரும்பையும் ஏற்றிச் சென்று நீரைக் கொண்டுவந்த வழி. 1895இல் அணை திறக்கப்பட்டபின், வண்டிகள் ஏறிய அதே மலைப்பக்கத்தில், சுரங்கத்தின் வழியே பெரியாற்று நீர் பள்ளத்தாக்கில் இறங்கியது. கூடலூர் தொடங்கிக் கீழுள்ள ஊர்களின் இருபோக நெல் விளைவுக்கு அவ்வழியே தாய்வழி எனலாம்.

கம்பி வழி

வடக்கே தேயிலை வேறொரு வழியைத் தேடிற்று. மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கோட்டக்குடிக்கு இறங்கின. பின்னர் மாட்டுவண்டியில் போடிநாயக்கனூருக்கு வந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்தது. அது மீண்டும் எழவில்லை. மதுரையிலிருந்து போடிக்குத் தொடர்வண்டி வந்த ஆண்டோ 1928. கீழே தண்டவாளம் வருமுன்னரே மேலே தண்டவாளம் போய்விட்டது. மலைவழி வகுப்போர் மழையையும் கணக்கிற் கொள்ளவேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அடைபட்ட வழி

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. மெட்டுகள் மாநில எல்லைகளாகவே நின்றன. எனினும் வழிகள் அறுபடவில்லை. விடியுமுன் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிய ஜீப்புகள், பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து இன்றும் மலையேறுகின்றன. சபரிமலைப் பருவத்தில் கம்பம்மெட்டு வழியே சென்று குமுளி வழியே திரும்புமாறு ஊர்திகள் ஒருவழிப்படுத்தப்படுகின்றன.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுச் சிக்கல் முற்றியபோது எல்லைச் சாலைகளில் போக்குவரத்து நின்றது. மேலே தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல, குழந்தைகளைத் தோளில் சுமந்து காட்டுத் தடங்களில் இறங்கி வந்தன. தார்ச்சாலை கைவிட்ட நாளில், அவர்தம் பாட்டன் பாட்டியர் நடந்த ஒற்றையடிப் பாதையே கைகொடுத்தது. வரைபடத்தில் இடம்பெறாத அவ்வழியை அவர்களின் கால்கள் மறந்திருக்கவில்லை.

அத்தடங்களை எளியன என்று கருதுவதும் பிழையே. 2018 மார்ச்சில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்த புல் எவ்வாறு எரியும் என்பதை மலைவாழ் மக்கள் அறிவர். வழியை அறிதல் என்பது பருவத்தை அறிதலும் ஆகும்.

தேவாரம் மக்கள் சாக்குலூத்துமெட்டுக்குச் சாலை வேண்டி நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகின்றனர். ஊருக்கு நேர் மேலேயுள்ள தோட்டத்திற்குச் செல்ல அவர்கள் பல கல் தொலைவு சுற்றவேண்டியுள்ளது. வனச்சட்டம் குறுக்கே நிற்கிறது. அக்காடே இப்பள்ளத்தாக்கின் மழைக்கும் தாய் என்பதும் மெய். இரண்டு உண்மைகளுக்கிடையே அவ்வழி காத்திருக்கிறது. அதன் முடிவு எதுவாயினும், விடியுமுன் கூழ்வாளியோடு ஜீப்புக்காக நிற்கும் பெண்ணையும் உடன் வைத்து எண்ணியே அது எழுதப்படல் வேண்டும். மெட்டைக் கண்டவை அவள் முன்னோர் கால்கள். சாலை பின்னர் வந்தது.