தோட்டத்து அணிலும் காட்டு அணிலும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலக் காடுகளில் வாழும் சிற்றணில்களுள் ஒன்றான மெல்லணிலை, தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு என்னும் இயற்கையியலார் சிங்கப்பூரில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 1824இல் விவரித்தார். விலங்கியலார் இன்று இதனைச் சுண்டாசியூரஸ் என்னும் பேரினத்தில் வைக்கின்றனர். மலாய்த் தீபகற்பமும் சுமத்ரா, போர்னியோ, ஜாவா ஆகிய தீவுகளும் அடங்கிய சுண்டா நிலப்பரப்பின் பெயரைத் தாங்கிய அப்பேரினம் 1958இல்தான் வகுக்கப்பட்டது. வாலை நீக்கிப் பார்த்தால் 15 சென்டிமீட்டரை அரிதாகவே தாண்டும் இதன் முதுகு மங்கிய பழுப்பாகவும், வயிறு சாம்பல் கலந்த வெண்மையாகவும் இருக்கும்; கண்ணைச் சுற்றி வெளிர்வளையம் உண்டு. உடலில் எங்கும் கோடு இராது.

கோடில்லாமையே முதல் அடையாளம் என்றாலும், கோடுகளை மட்டும் நம்புவது போதாது. தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் வாழையணில் உருவில் பெரியது. அதன் விலாவில் கறுப்பும் வெளிர்மஞ்சளுமாக இரு கோடுகள் ஓட, வயிறு செம்பழுப்பாக இருக்கும். மலாய்க்காரர்கள் அணிலோடு சேர்த்துத் துப்பாய் என்றே அழைக்கும் மர மூஞ்சூறோ கொறிணியே அன்று. அதன் நீண்ட கூர்மூக்கும் தோளில் உள்ள வெளிர்க்கோடும் அதனைக் காட்டிக்கொடுக்கும். முதுகில் மூன்று வெளிர்க்கோடுகள் கொண்ட ஊர் அணிலைப் பார்த்து வளர்ந்த தமிழர், மலாயாக் காட்டுத் தரையில் மூன்று கருங்கோடுகளோடு இரை தேடும் தரையணிலைக் கண்டால், ஊர் அணிலே இங்கும் உள்ளதென மயங்க இடமுண்டு.

ஆகவே நிறத்தைவிட விலங்கு நிற்கும் இடமே பல வேளைகளில் தெளிவான சான்றாகிறது. அந்த இடங்களோ தோட்ட வரலாற்றினால் உருவானவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பி பயிரிடப்பட்ட நிலங்கள், பிரேசிலின் மிகை விளைச்சலால் விலை சரிந்தபின் ரப்பருக்கு மாறின. அதற்கு வேண்டிய உழைப்பாளர்களை, தம் ஊராரையே திரட்டி அழைத்துவந்து மேற்பார்வையும் செய்த கங்காணிகள் தமிழகத்திலிருந்து கொணர்ந்தனர். இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும்வரை அம்முறை நீடித்தது. ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் வட்டாரங்களில் காடு வெட்டி எரிக்கப்பட்டு, வரிசையாக ரப்பர் நடப்பட்டதோடு, தரையில் ஒரு புல்லும் இராதபடி களையெடுப்பதும் தொடக்கக் காலத்தில் நல்ல நிர்வாகத்தின் இலக்கணமாகக் கருதப்பட்டது. அவ்வழக்கம் மேல்மண்ணை மழையில் கரைத்ததைத் தோட்ட நிர்வாகிகளான துரைமார் பிற்காலத்தில் உணர்ந்து மூடுபயிர்களுக்கு மாறினர். ஆனால் கொடிகளும் குறுமரங்களும் பின்னிய நடு உயரத்தில் நடமாடி, மரத்தின் உட்பட்டையையும் பட்டைமேல் ஊரும் பூச்சிகளையும் தின்னும் மெல்லணிலுக்கு அத்தகைய நிலத்தில் இடமில்லை. பழமும் பூச்சியும் தேங்காயும் எதுவாயினும் உண்ணும் வாழையணிலுக்கோ, லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, ஒட்டித் தொழிலாளர்கள் வளர்த்த வாழையும் தென்னையும் கொய்யாவும், ரப்பர் மரங்களைக் காட்டிலும் பெரிய ஆதரவாக இருந்திருக்க வேண்டும். 1960களுக்குப்பின் ரப்பர் பெருமளவில் செம்பனைக்கு இடம்விட்டபோதும் அது தோட்டங்களை விட்டு அகலவில்லை.

தோட்டம், காடு என்னும் இவ்விரு உலகங்களின் எல்லையை நெகிரி செம்பிலானின் பாசோ வனக்காப்பகத்தில் இன்றும் காணலாம். பெரும்பகுதி செம்பனையால் சூழப்பட்ட இக்காட்டில் 1970களின் தொடக்கத்தில் மலேசிய, பிரிட்டிஷ், ஜப்பானிய அறிவியலார் அனைத்துலக உயிரியல் திட்டத்தின்கீழ் விரிவான ஆய்வு நடத்தினர். 1980களின் நடுப்பகுதியில் 50 ஹெக்டேர் நிலத்தில் ஒவ்வொரு மரமும் அளந்து எண்ணிடப்பட்டு, 800க்கும் மேற்பட்ட மரவகைகள் பதிவாயின. காப்பகத்தின் நடுவில் வெட்டப்படாத காடும், அதைச் சுற்றி 1950களில் மரம் வெட்டப்பட்டு மீண்டும் வளர்ந்த காடும் உள்ளன. மெல்லணில் முதுகாட்டோடு நில்லாது மறுவளர்ச்சிக் காட்டிலும் வாழக்கூடியது என்பதால், அதனை இனங்காண முயல்பவர் முதலில் கவனிக்க வேண்டியது கோடரி பட்டதா என்பதையன்று. மரங்களுக்கிடையே கொடியும் குறுமரமும் மீண்டும் நெருங்கியுள்ளனவா என்பதையே.