திரூர் சங்கம் முதல் தத்துக் கிராமம் வரை

திருவள்ளூரை அடுத்த திரூரில் 1904 ஆகஸ்ட் 30 அன்று பதிவான சங்கமே இந்தியாவின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம். உழவர் கடனுக்கு வழி காணும் பொறுப்பைச் சென்னை மாகாண அரசு 1892-இல் பிரெடரிக் நிக்கல்சனிடம் ஒப்படைத்தது. ஜெர்மானியக் கிராமங்களில் ரைஃபைசன் தொடங்கிய கடன் சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டி அவர் அறிக்கை தந்தார். 1904 மார்ச்சில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதன்படி பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம் அமைக்க முடிந்தது. கிராமச் சங்கமானால் ஐந்தில் நான்கு பங்கினர் உழவராக இருக்க வேண்டியிருந்தது. அத்தகைய சங்கத்தின் கடனுக்கு உறுப்பினர் அனைவரும் வரம்பின்றிப் பொறுப்பேற்றனர். பக்கத்து வீட்டுக்காரரின் நாணயத்தில் நம்பிக்கை இல்லாதவர் இதில் சேர்ந்திருக்க முடியாது. ஆக, கல்லூரி மாணவர்கள் மண்வெட்டியோடு வந்து சேர்வதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கூடிச் செயல்படும் முறை இந்த வட்டாரத்தில் வேர்விட்டிருந்தது.

பல்கலைக்கழகங்கள் கிராமத்தின் பக்கம் திரும்பியது விடுதலைக்குப் பிறகுதான். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் இயங்கிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, ஊரகப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று வலியுறுத்தியது. திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் 1956-இல் ஊரகக் கல்வி நிறுவனம் உருவானது. காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களுடன் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, அதோடு ஒரு சிறப்பு முகாம் என்பது அதன் விதி.

தொடக்க கால முகாம்கள் பெரும்பாலும் உடலுழைப்பாகவே இருந்தன. சாலை போடுவது, ஏரிக்கரையை உயர்த்துவது, வாய்க்கால் தூர்வாருவது, மரம் நடுவது. உழைப்பு உண்மையானது, அதன் பயன் மட்டும் நீடிக்கவில்லை. ஊரார் வேடிக்கை பார்க்க மாணவர்கள் வெட்டிய வாய்க்காலை மறு ஆண்டு தூர்வார யாருமில்லை. முகாம் முடிந்த பின் வேலையைத் தொடர ஊருக்குள் ஓர் அமைப்பு இருக்க வேண்டும் என்ற பாடத்தைக் கல்லூரிகள் மெதுவாகத்தான் கற்றன.

அத்தகைய அமைப்பு மகளிர் சுய உதவிக் குழுவாக வந்தது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தர்மபுரியில் இதைத் தொடங்கியது. செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் பிரிந்து திருவள்ளூர் மாவட்டம் உருவான 1997-இல்தான் ‘மகளிர் திட்டம்’ மாநிலம் முழுவதற்கும் விரியத் தொடங்கியது. பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை ஒரு குழு. ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள். சேமிப்பிலிருந்து உள்கடன், பிறகு வங்கிக் கடன். ஓர் ஊராட்சியின் குழுக்கள் சேர்ந்தால் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு. சமூகப்பணி படிக்கும் மாணவர்களின் களப்பணிக்கு இந்தக் குழுக்கள் பொருத்தமாக அமைந்தன. தீர்மானப் பதிவேடு எழுதுவதும், ரொக்கப் பதிவேட்டில் கூட்டல் சரிபார்ப்பதும், கையெழுத்துப் போடப் பழக்குவதும் மண்வெட்டி வேலையைவிடச் சிறியவையாகத் தோன்றலாம். ஆனால் குழு உடைவது பெரும்பாலும் கணக்கில்தான். கணக்கைத் தெளிவாக்கியவர்களே குழுவைக் காத்தவர்கள்.

மாணவர் பணியில் மிகவும் மதிக்கத்தக்கது கோலமாவால் வரையும் ஊர் வரைபடம். பங்கேற்பு முறை ஊரக மதிப்பீட்டில் இது முதல் படி. ஊரகப் பணி அனுபவத்துக்காகக் கிராமத்தில் தங்கும் வேளாண் மாணவர்களும் இதைச் செய்கிறார்கள். தரையில் தெரு, கிணறு, ஏரி, கோவில், சுடுகாடு என ஊராரே வரைய வேண்டும். மாணவர் கேள்வி மட்டும் கேட்கலாம். வரைபடம் ஊர்த் தெருக்களோடு நின்றுவிட்டால், காலனி எங்கே, இருளர் குடிசைகள் எங்கே என்று வெளியாள் கேட்கலாம். உள்ளூர்க்காரர் கேட்டால் சண்டையாகக்கூடிய கேள்வி அது. ஊரும் காலனியும் ஒரே தரையைச் சுற்றி நின்று பேசத் தொடங்குவது கூட்டமைப்புக்குத் தேவையான முதல் பேச்சு.

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டிப் பக்கம் நிலைமை வேறு. சிப்காட் வளாகம் வந்தபின் அக்கம்பக்கத்து ஊர்களில் விவசாயக் கூலியோடு கம்பெனி வேலையும் சேர்ந்தது. ஷிப்டுக்குப் போகும் பெண்ணுக்கு வார நாள் கூட்டம் எட்டாது. கல்லூரி முகாமின் பகல் நேர நிகழ்ச்சியும் எட்டாது. தேர்வாய் கண்டிகையில் மேய்ச்சல் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். ஊர் தன் நிலத்துக்காகக் கூடும் இத்தகைய வேளையில் அரசு நிதியில் நடக்கும் மாணவர் திட்டங்களால் துணை நிற்க முடிவதில்லை. இந்தக் குறையை மறைக்கக் கூடாது.

படித்தவர் ஊரிலேயே தங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு மாவட்டத்தின் மறுகோடியில் குத்தம்பாக்கம் சான்று. வேதிப் பொறியியல் படித்த ஆர். இளங்கோ 1996 முதல் பத்தாண்டு ஊராட்சித் தலைவராக இருந்தார். தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீடுகள் அங்கே எழுந்தன.

2014-இல் தொடங்கிய ‘உன்னத் பாரத் அபியான்’ ஒவ்வொரு கல்வி நிறுவனமும் ஐந்து கிராமங்களையாவது தத்தெடுக்கச் சொல்கிறது. மாணவர்கள் வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். அந்தத் தாள்கள் கல்லூரி அலமாரியோடு நின்றுவிடக் கூடாது. ஒரு படி கூட்டமைப்பின் கையிலும், ஒரு படி கிராம சபையிலும் சேர வேண்டும். இந்த வட்டாரத்து ஊர்களைத் தத்தெடுத்த கல்லூரிகள் இதை இந்த ஆண்டே செய்யலாம்.