நிலக்கடலையில் பூஞ்சை நச்சுக்கு மரபுவழி எதிர்ப்பு

அஸ்பெர்ஜிலஸ் ஃபிளேவஸ் போன்ற பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு பருப்பில் சேராமல் தடுக்க, நிலக்கடலைச் செடிக்குப் பிறவியிலேயே உள்ள திறனே மரபுவழி எதிர்ப்பு. 1960இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்கு தின்ற லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்த பிறகுதான் இந்த நஞ்சு அடையாளம் காணப்பட்டது. மனிதருக்கு இது ஈரல் புற்றுநோயை உண்டாக்கும். தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்தில் கடலைச் சாகுபடியும் உண்டு, கறவை மாடுகளும் உண்டு. எண்ணெய் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கி, அதைத் தின்னும் மாட்டின் பாலில் அஃப்ளாடாக்சின் எம்1 ஆக வெளிப்படுகிறது. 2018இல் நடந்த தேசியப் பால் ஆய்வில் தமிழகத்தின் 551 மாதிரிகளில் 88 இந்த நச்சுக்கான வரம்பை மீறியிருந்தன.

அறுவடைக்குப் பின் நன்றாகக் காயவைத்தால் போதாதா என்று கேட்கலாம். காயவைப்பது தேவைதான், ஆனால் அது பின்னால் வரும் பூசணத்தை மட்டுமே தடுக்கும். காய் முற்றும் கடைசி வாரங்களில் மழை பொய்த்தால் மண் சூடேறும், பருப்பின் ஈரம் குறையும். பூஞ்சையை எதிர்க்கும் வேதிப்பொருள்களைச் சுரக்கும் ஆற்றலையும் பருப்பு இழந்துவிடும். அப்போது மண்ணுக்குள்ளேயே ஏறிய நஞ்சை வெயிலும் போக்காது, வறுப்பதும் முற்றாக அழிக்காது. ஆகவே காப்பு விதையிலிருந்தே தொடங்கவேண்டும்.

ஓடு, விதைத்தோல், பருப்பு என எதிர்ப்புக்கு மூன்று நிலைகள் உண்டு. பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளில் ஜே11 போன்ற ரகங்கள் விதைத்தோல் அளவில் பூஞ்சையைத் தடுத்தன. ஆனால் ஆய்வகத்தில் தாங்கிய ரகம் வறண்ட வயலில் தடுமாறுகிறது, முழு எதிர்ப்புள்ள ரகம் இன்றுவரை இல்லை என்பது வலுவான மறுப்பு. அதிலிருந்து முயற்சி வீண் என்று முடிவு கட்டமுடியாது. மூன்று நிலைகளின் எதிர்ப்பும் தனித்தனியாகப் பரம்பரையில் வருவதால், அவற்றை வறட்சி தாங்கும் பண்போடு ஒரே ரகத்தில் சேர்க்கவேண்டும் என்பதே அதன் பொருள். 2017இல் இக்ரிசாட் குழு குதிரைமசால் இனத்தின் எதிர்ப்பு மரபணுக்களைக் கடலையில் சேர்த்தும், பூஞ்சையின் நஞ்சாக்கும் மரபணுக்களை முடக்கியும் நஞ்சைப் பெருமளவு குறைத்துக் காட்டியது. கோதுமையிலும் காட்டுப்புல்லிலிருந்து வந்த எஃப்எச்பி7 மரபணு பூஞ்சை நஞ்சை முறிப்பது 2020இல் தெரியவந்தது. மரபணு மாற்றுக் கடலை இந்தியாவில் சாகுபடிக்கு வரவில்லை; அது வரும்வரை வழக்கமான கலப்பினப் பெருக்கமே வழி. நஞ்சு கண்ணுக்குத் தெரியாது; அதனால் நஞ்சில்லாக் கடலைக்குச் சந்தையில் உழவருக்குத் தனி விலை கிடைப்பதில்லை. விலை தராத இந்தப் பண்பைத் தனியார் விதை வணிகம் தேடி வளர்க்கும் என்று காத்திருக்க முடியாது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் போன்ற பொதுத்துறை நிலையங்கள், விளைச்சலுக்கு இணையாக நச்செதிர்ப்பையும் ரகத் தேர்வின் அளவுகோலாகக் கொள்ளவேண்டும்.