கிள்ளான் ஆற்றை எதைக்கொண்டு அளப்பது?

கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு கலக்கும் முனையில், மஸ்ஜித் ஜாமேக் பள்ளிவாசலை ஒட்டி, 2017 ஆகஸ்டில் நீல விளக்குகளும் செயற்கை மூடுபனியும் திறந்துவைக்கப்பட்டன. கோலாலம்பூரின் ‘ரிவர் ஆஃப் லைஃப்’ திட்டம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்த நீல வெளிச்சம்தான். ஆனால் 440 கோடி ரிங்கிட் என மதிப்பிடப்பட்ட இத்திட்டத்தில் அழகூட்டும் வேலை ஏறக்குறைய 10.7 கிலோமீட்டருக்கு மட்டுமே உரியது. துப்புரவுப் பணியோ கிளையாறுகள் உட்பட 110 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்டது. நீர்த்தரத்தில் மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் இடையே கிடந்த ஆற்றை 2020க்குள் IIB வகுப்புக்கு, அதாவது மனிதர் இறங்கி நனையக்கூடிய தரத்துக்கு, உயர்த்துவதே இலக்காக இருந்தது.

இந்த இலக்கு எட்டப்பட்டதா என்பதை எதைக்கொண்டு சொல்வது?

மலேசிய நீர்த்தரக் குறியீடு ஆறு அளவைகளின் கூட்டு: கரைந்த ஆக்சிஜன், உயிரியல் ஆக்சிஜன் தேவை, வேதியியல் ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், நீரில் தொங்கும் திண்மங்கள், காரகாடித் தன்மை. இவற்றில் கரைந்த ஆக்சிஜனுக்கு 22 விழுக்காடு எடை. சாக்கடைக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் அம்மோனியாவுக்கு 15 விழுக்காடுதான். எடையிட்டுக் கூட்டும் முறை என்பதால் ஒன்றின் நல்ல மதிப்பெண் இன்னொன்றின் கேட்டை மறைத்துவிடும். அதைவிடப் பெரிய குறை, மலக் கிருமிகள் இந்தக் குறியீட்டில் இடம்பெறவே இல்லை. தேசிய நீர்த்தர நெறியோ IIB வகுப்புக்கு 100 மில்லிலிட்டரில் 400 மலக் கோலிபார்ம் என்று வரம்பு கட்டுகிறது. ஆகவே குறியீடு இரண்டாம் வகுப்பைக் காட்டும் நாளிலும், ஆற்றில் கால் நனைக்கும் குழந்தைக்கு அது பாதுகாப்பானதா என்பதற்கு விடை கிடைக்காது. இலக்கு எதற்காக வகுக்கப்பட்டதோ, அந்தக் கேள்வியே அளவைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

மாதிரி எடுக்கும் நேரமும் முக்கியம். பிற்பகல் இடிமழையின் முதல் அரைமணியில் சாலை எண்ணெயும், உணவுக்கடைக் கொழுப்பும், சந்தைக் கழிவும் வடிகால்வழி ஆற்றில் இறங்குகின்றன. வெயில் நாளில் மட்டும் எடுத்த மாதிரி இதைச் சொல்லாது.

2005இல் சூழலியலாளர் மார்கரெட் பாமரும் பிறரும் ஆற்று மீட்புக்கு ஐந்து அளவுகோல்களை முன்வைத்தனர். வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து முடிவைப் பொதுவில் வைப்பது அவற்றுள் ஒன்று. அதே ஆண்டு எமிலி பெர்ன்ஹார்ட் குழு அமெரிக்காவின் 37,000க்கும் மேற்பட்ட திட்டங்களைத் தொகுத்தபோது, பத்தில் ஒன்றில்தான் கண்காணிப்போ மதிப்பீடோ நடந்ததாகப் பதிவு கிடைத்தது. சரிவர அளக்காத இந்த நோய் கோலாலம்பூருக்கு மட்டும் உரியதன்று.

குப்பைக் கணக்கிலும் இதே சிக்கல். கிள்ளான் நகர்ப் பக்கம் ‘தி ஓஷன் கிளீனப்’ அமைப்பின் இன்டர்செப்டர் படகு 2019 முதல் மிதக்கும் குப்பையை வாரியெடுக்கிறது. கடலுக்குப் போகாமல் தடுத்த ஒவ்வொரு டன்னும் நன்மையே. ஆனால் டன் கணக்கு கூடுவது படகின் திறமையையும் குறிக்கலாம், மேற்பகுதியில் கொட்டுவது பெருகியதையும் குறிக்கலாம். ஆண்டுக்காண்டு குறையும் கணக்கைத்தான் மீட்பின் சான்றாகக் கொள்ளலாம். அதுவும் பிடிக்கும் முறை மாறாமல் இருந்தால்.

ஆற்றின் உருவத்தைப் பற்றிய எதிர்பார்ப்பிலும் நேர்மை வேண்டும். 1926 பெருவெள்ளத்துக்குப் பின் நகருக்குள் ஆறு நேராக்கப்பட்டது, 1971 வெள்ளம் தடுப்பு வேலைகளை இன்னும் விரிவாக்கியது, 2007இல் வெள்ளநீரைத் திருப்பிவிடும் 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் வந்தது. செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸின் ஓரத்தில் காங்கிரீட் கரையை உடைத்து ஆற்றை வளையவிடு என்பது, வெள்ளத்துக்கு வேறு இடம் காட்டாதவரை, பொறுப்பற்ற யோசனை. சியோலின் சியொங்கியேசொன் ஓடையும் 2005இல் திறக்கப்பட்டது முதல் பெருமளவு இறைத்துவிட்ட நீரால்தான் ஓடுகிறது. நகர மக்களுக்கு அது பெரும் வரம்; இயற்கை ஓடை திரும்பியது என்று மட்டும் அதைச் சொல்ல இயலாது.

எனவே திட்டமிடும்போதே ஒவ்வொரு பகுதிக்கும் தனி இலக்கு எழுதப்பட வேண்டும். மேல் கிளையாறுகளில் மீனும் நீர்ப்பூச்சியும் எண்ணப்படட்டும். பிரிக்பீல்ட்ஸ் போன்ற கால்வாய்ப் பகுதிகளில் மழை நாளின் கிருமி அளவும் அம்மோனியாவும் அளக்கப்படட்டும். கிள்ளான் கழிமுகத்தில் குப்பையின் ஆண்டுப் போக்கு பதிவாகட்டும். வடிகால் பாசனத் துறையும் சுற்றுச்சூழல் துறையும் அந்த எண்களை நிலையம்வாரியாக, தேதியோடு வெளியிட்டால், கரையோரக் குடியிருப்பாளரே தம் பகுதியின் கணக்கைச் சரிபார்க்க முடியும்.