நிறங்களை இழந்தவர்களின் வரலாறு

நிறக்குருடு என்றதும் நம்மிற் பலர் நினைப்பது பிறவிக் குறைபாட்டைத்தான். 1794 இல் மன்செஸ்டர் நகர அறிஞர் கழகமொன்றில், தன் கண்களின் குறையையே ஆய்வுரையாக வாசித்தவர் இரசாயனவியலாளர் ஜோன் டோல்டன். அவருடைய பெயராலேயே அக்குறை 'டோல்டனிசம்' என்றும் அழைக்கப்படலாயிற்று. ஆனால், எல்லா நிறங்களையும் கண்டு வளர்ந்து, பின்னர் நோயினாலோ நஞ்சினாலோ அவற்றை இழந்தவர்களின் வரலாறு டோல்டனுக்கும் முந்தியது.

1688 இல் ரொபேட் பொயில் வெளியிட்ட பார்வைக் கோளாறுகள் பற்றிய குறிப்புகளில் ஓர் இளம்பெண் வருகிறாள். நோயொன்றினால் பார்வையை இழந்து, பின்பு அதனைப் பெருமளவு மீளப்பெற்றவள். ஆனால் நிறங்கள் அவளிடம் திரும்பவில்லை. ஊதாப் பூக்களைப் பறிக்க விரும்பினால், செடியருகே மண்டியிட்டும் புல்லிலிருந்து அவற்றை நிறத்தால் வேறுபடுத்த அவளால் இயலவில்லை. வடிவத்தைக் கொண்டும் தொட்டுப் பார்த்துமே அறிந்தாள்.

இத்தகையோரைக் கண்டறிய மருத்துவம் நெடுங்காலம் முனையவில்லை. நிறப்பார்வைப் பரிசோதனையைப் பரவலாக்கியது புகையிரதமே. 1875 நவம்பரில் சுவீடனின் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரு புகையிரதங்கள் மோதி ஒன்பது பேர் மாண்டனர். சாரதி ஒருவருக்குச் சமிக்ஞை விளக்கின் நிறம் தெரியாதிருந்திருக்கலாம் என வாதிட்ட உடலியல் பேராசிரியர் ஹொல்ம்கிரென், நிறக் கம்பளி நூற்கண்டுகளைத் தெரிந்தெடுக்கச் சொல்லும் சோதனையொன்றை வகுத்தார். விபத்துக்கு உண்மையில் நிறக்குருடுதான் காரணமா என்பதைப் பிற்கால ஆய்வாளர் ஐயுற்றுள்ளனர். எனினும் சோதனை நாடுகள் தோறும் பரவியது.

அதன் நோக்கம் பயணிகளின் பாதுகாப்பு. அதில் பிழையில்லை. ஆனால் தொழிலாளியின் கண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பது அங்கு கேள்வியாகவே எழவில்லை. மிதமிஞ்சிப் புகைப்பவர்களுக்குப் பார்வையின் நடுப்பகுதியில் மட்டும் சிவப்பும் பச்சையும் மங்குவதை அக்கால வைத்தியர்கள் அறிந்திருந்தனர். பெரிய நூற்கண்டைச் சரியாகத் தெரிந்தெடுக்கும் அத்தகையவர், தொலைவில் சிறு புள்ளியாய்த் தெரியும் விளக்கின் முன்னே தடுமாறக்கூடும்.

1912 இல் ஜேர்மனியக் கண் வைத்தியர் கோல்னர் ஒரு பொது விதியை வகுத்தார். விழித்திரை கெட்டால் முதலில் நீலமும் மஞ்சளும் குழம்பும். பார்வை நரம்பு கெட்டால் சிவப்பும் பச்சையும் குழம்பும். விதிவிலக்குகள் உண்டெனினும் வைத்தியர்களுக்கு அது இன்றும் ஒரு வழிகாட்டி. ஆனால், 1917 இல் யப்பானிய வைத்தியர் இஷிஹாரா வெளியிட்டு உலகெங்கும் பயன்பாட்டுக்கு வந்த புள்ளித் தகடுகள் சிவப்பு - பச்சைக் குறையையே தேடின. நீலமும் மஞ்சளும் குழம்பியவர் அத்தகடுகளைத் தடையின்றி வாசித்துவிட்டு, 'குறையில்லை' என்ற சான்றுடன் வேலைக்குத் திரும்பிவிடலாம்.

அவர் திரும்பிய இடங்களில் நஞ்சு இருந்தது. இறப்பரைப் பதப்படுத்தவும் பின்னர் ரேயோன் இழை செய்யவும் பயன்பட்ட காபன் இருசல்பைட்டு நரம்பைத் தாக்குவதைப் பாரிஸ் வைத்தியர் டெல்பெக் 1856 இலேயே எழுதினார். ரேயோன் தொழிலாளரின் நிறப்பார்வையும் மங்குவது மிகப் பின்னரே அளக்கப்பட்டது. மெல்லிய நிற வில்லைகளை வரிசைப்படுத்தும் நுண்ணிய சோதனையைப் பிரான்சின் லந்தோனி 1970களில் உருவாக்கியிருந்தார். அத்தகைய சோதனைகளைக் கொண்டு, 1980களின் பிற்பகுதியில், கனடாவின் மொன்றியல் நகர ஆய்வாளர் டொனா மெர்க்லரும் அவரது குழுவினரும் கரைப்பான்களுடன் வேலைசெய்வோரைப் பரிசோதித்தனர். நீலம் - மஞ்சள் வேறுபாடு பலருக்கு மங்கியிருந்தது. 1988 இல் வெளியான அவர்களது ஆய்வொன்று அச்சகத் தொழிலாளரைப் பற்றியது.

பத்திரிகைத் தொழிலில் ஆயுளைக் கழித்த எனக்கு இச்செய்தி அந்நியமானதன்று. மை உருளைகளைக் கரைப்பானில் தோய்த்த துணியால், கையுறையின்றி, காற்றோட்டமற்ற கூடங்களில் நள்ளிரவில் துடைத்த தோழர்களை நான் கண்டிருக்கிறேன். வர்ணப் பக்கத்தின் நிறப் பொருத்தத்தைத் தம் கண்ணாலேயே தீர்மானித்தவர்கள் அவர்கள். அவர்களின் கண்ணை எவரும் சோதித்ததாக நான் அறியேன்.

நஞ்சு ஆலைகளில் மட்டும் இல்லை. காசநோய்க்கு இலங்கையிலும் வழங்கப்படும் எதம்பியூட்டோல் என்னும் மருந்து, சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதித்துச் சிவப்பையும் பச்சையையும் மங்கச் செய்யும். மருந்து உயிர் காப்பது. நோயாளி தாமாக அதனை விட்டுவிடலாகாது. நிறமோ பார்வையோ மாறினால் அன்றே வைத்தியரிடம் சொல்லவேண்டும். உரிய வேளையில் நிறுத்தினால் பார்வை பெரும்பாலும் மீளும். நீரிழிவோ, விழித்திரையில் எந்த வடுவும் தென்படுமுன்னரே நீல - மஞ்சள் வேறுபாட்டை மங்கச் செய்யக்கூடும்.

இவ்விழப்பின் கொடுமை அதன் மௌனமே. மெல்ல மெல்ல மங்குவதால் இழப்பவருக்கே அது தெரிவதில்லை. சேலையின் சாயம் வெளிறிவிட்டதென்பார், மின்குமிழ் மங்கலென்பார். பிறவிக் குறை இரு கண்களிலும் ஒரேயளவாக இருக்கும். பின்னர் வருவதோ பல வேளைகளில் ஒரு கண்ணை முந்திக்கொண்டு தாக்கும். ஆதலால், நீரிழிவு உள்ளவர்களும், இரசாயனங்களோடு உழைப்பவர்களும், வயதில் மூத்த என் வாசகர்களும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் ஒரே பூவைப் பார்க்கட்டும். நிறம் வேறுபட்டுத் தெரிந்தால் வைத்தியரிடம் செல்லட்டும். பழுது இல்லையென அவர் தகடுகளைக் காட்டிச் சொன்னால், நீலத்தையும் மஞ்சளையும் சோதித்தீர்களா என்று தயங்காமற் கேட்கட்டும்.