உண்ணலும் எடையும்: மிகையுண்ணலுக்கு ஆலோசனை நாடியதன் வரலாறு (1863–2013)

முன்னுரை

அளவுக்கு மீறி உண்ணும் பழக்கத்திலிருந்து விடுபடவும் உடல் எடையைக் குறைக்கவும் பிறரது ஆலோசனையை நாடுவது இன்று பரவலான வழக்கமாகும். ஆலோசனை நாடுவோரும் வழங்குவோரும் இவ்விரு நோக்கங்களையும் பெரும்பாலும் ஒன்றாகவே கருதுகின்றனர். உண்ணல் சீரானால் எடை குறையும் என்பதும், எடை குறைந்தால் உண்ணல் சீராகிவிட்டது என்பதும் அவர்களது எதிர்பார்ப்பு. இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள் என்பதை மருத்துவ உலகம் உணர ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்த அவ்வுணர்தலின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பேண்டிங்கின் கடிதம்

1863ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் பேண்டிங் என்பவர் உடற்பருமன் குறித்துப் பொதுமக்களுக்கு எழுதிய கடிதத்தைச் சிறுநூலாகத் தம் செலவில் அச்சிட்டார். இவர் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர். 1862 ஆகஸ்டில் இவரது எடை 202 பவுண்டு (ஏறத்தாழ 92 கிலோ). குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட இயலாத நிலை. மாடிப்படியில் பின்புறமாகவே இறங்க வேண்டிய நிலை. படகு வலித்தல், நடைப்பயிற்சி, நீராவிக் குளியல் என மருத்துவர்கள் கூறிய வழிகள் பயன் தரவில்லை. காது கேளாமைக்காக அணுகிய வில்லியம் ஹார்வி என்ற மருத்துவர்தான் ரொட்டி, சர்க்கரை, பால், பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்குமாறு கூறினார். ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தது.

இந்நூல் உணவுமுறை வரலாற்றில் அடிக்கடி சுட்டப்படுவது. ‘பேண்டிங்’ என்ற பெயரே ஆங்கிலத்தில் உணவுக் கட்டுப்பாட்டைக் குறிக்கும் சொல்லாயிற்று. சுவீடிய மொழியில் அதிலிருந்து பிறந்த ‘பாண்டா’ என்னும் வினைச்சொல் இன்றும் வழங்குகிறது. எனினும் ஆலோசனையின் வரலாற்றுக்கு இன்றியமையாதது இந்நூலின் வேறொரு கூறு. பொது இடங்களிலும் வண்டிகளிலும் தாம் எதிர்கொண்ட ஏளனத்தையும், அதனால் மக்கள் கூடுமிடங்களைத் தவிர்க்க நேர்ந்ததையும் பேண்டிங் பதிவு செய்துள்ளார். அவருக்கு மருத்துவம் அளித்தது உணவுப் பட்டியல் மட்டுமே. அவமானத்திற்கு அதனிடம் விடை இல்லை.

சுரப்பியிலிருந்து குடும்பத்திற்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பருமனுக்குச் சுரப்பிக் கோளாறே காரணம் என்ற கருத்து வலுப்பெற்றிருந்தது. ஜெர்மனியில் பிறந்து, நாஜி ஆட்சியின் காரணமாக 1933இல் நாட்டை விட்டு வெளியேறி, அடுத்த ஆண்டு நியூயார்க் சென்றடைந்த ஹில்டே புரூக் என்ற குழந்தை மருத்துவர் இக்கருத்தை மறுத்தார். பருமனான குழந்தைகளை ஆராய்ந்த அவர், அவர்களுள் பெரும்பாலோரிடம் சுரப்பிக் கோளாறு இல்லை எனக் கண்டார். 1940இல் கிரேஸ் டூரேனுடன் இணைந்து வெளியிட்ட ஆய்வில் அக்குழந்தைகளின் குடும்பச் சூழலை விளக்கினார். பின்னர் உளமருத்துவராகப் பயிற்சி பெற்று, 1973இல் உண்ணல் கோளாறுகள் குறித்த பெருநூலை வெளியிட்டார்.

குழந்தையின் ஒவ்வொரு அழுகைக்கும் உணவே மறுமொழியாகத் தரப்பட்டால், பசியையும் துயரத்தையும் வேறுபடுத்தி அறியும் திறன் அக்குழந்தைக்கு வாய்ப்பதில்லை என்பது அவரது கோட்பாட்டின் சாரம். மிகையுண்ணலை ஒழுக்கக் குறையாகக் காணாமல் பொருள் பொதிந்த நடத்தையாகக் கண்டது இதன் சிறப்பு. பழியைத் தனிமனிதரின் தோளிலிருந்து இறக்கித் தாயின் தோளில் ஏற்றியது இதன் குறை.

மருத்துவமனையின் தோல்வி

ஆல்பர்ட் ஸ்டங்கார்டு 1955இல் இரவு உண்ணல் நோய்க்குறித் தொகுதியை விவரித்தார். குறுகிய நேரத்தில் கட்டுப்பாடிழந்து பெருமளவு உண்ணும் நிலையை 1959இல் தனியாக அடையாளம் கண்டார். பருமனானோர் அனைவரும் ஒரே வகையில் உண்பதில்லை என்பதை இவ்விரு கட்டுரைகளும் உணர்த்தின. அதே 1959இல் மேவிஸ் மெக்லாரன்-ஹ்யூமுடன் இணைந்து அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, நியூயார்க் மருத்துவமனை ஒன்றின் உணவு ஆலோசனைப் பிரிவை நாடிய 100 பேரைத் தொடர்ந்து கண்காணித்தது. அவர்களுள் 20 பவுண்டு குறைத்தவர் 12 பேர் மட்டுமே. இரண்டாண்டுகளுக்குப் பின்னும் அக்குறைவைத் தக்கவைத்தவர் இருவர். உணவுப் பட்டியலைக் கொடுத்தனுப்பும் முறை ஏறத்தாழ முழுத் தோல்வி என்பதை இவ்வெண்கள் காட்டின.

ஆற்றுப்படுத்தும் குழுக்கள்

மருத்துவம் தோற்ற இடத்தில் தன்னுதவிக் குழுக்கள் தோன்றின. 1948இல் மில்வாக்கியில் எஸ்தர் மான்ஸ் ‘டாப்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார். மது அடிமைகளுக்கான பன்னிரு படி முறையைப் பின்பற்றி 1960இல் லாஸ் ஏஞ்சலிஸில் ‘ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ்’ உருவாயிற்று. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி 1963இல் ‘வெயிட் வாட்சர்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார்.

நைடெட்ச் 1961இல் 214 பவுண்டு எடையுடன் நகர சுகாதாரத் துறையின் பருமன் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றார். உணவுமுறை பயன் தந்தது. ஆயினும் மறைவாக பிஸ்கட் தின்னும் பழக்கத்தை அங்கிருந்த ஆலோசகரிடம் அவரால் சொல்ல இயலவில்லை. தம்மைப் போன்ற ஆறு தோழியரை வீட்டிற்கு அழைத்து அவர்களிடமே அதை ஒப்புக்கொண்டார். அறிவுறுத்துபவரிடம் மறைத்ததை உடன் துன்புறுவோரிடம் சொல்ல முடிந்தது என்பதே இவ்வியக்கத்தின் அடிப்படை. தமிழில் ஆலோசனையைக் குறிக்க ‘ஆற்றுப்படுத்துதல்’ என்ற சொல்லும் வழங்குகிறது. வழி நடந்து பயன்பெற்ற ஒருவர் வறியவராய் எதிர்வரும் மற்றொருவரை வழிப்படுத்துவது ஆற்றுப்படை மரபு. அப்பொருளில் இக்குழுக்களே ஆற்றுப்படுத்துதலுக்கு மிக நெருங்கியவை. அதே வேளையில், வாரந்தோறும் எடைபார்க்கும் கருவியின் முன் நிற்பது வெயிட் வாட்சர்ஸின் மையச் சடங்காயிற்று. வெற்றியின் அளவுகோல் எடை ஒன்றே ஆயிற்று. 1978இல் ஹெய்ன்ஸ் உணவு நிறுவனம் இதனை விலைக்கு வாங்கியது.

நடத்தைச் சிகிச்சை

1962இல் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் உண்ணலைக் கற்றறிந்த நடத்தையாக விளக்கினர். 1967இல் ரிச்சர்டு ஸ்டூவர்ட், எட்டுப் பெண்கள் ஓராண்டில் 26 முதல் 47 பவுண்டு வரை குறைத்ததாக வெளியிட்ட முடிவு பெரும் நம்பிக்கையை விளைவித்தது. உண்டதை உடனுக்குடன் எழுதுதல், ஓரிடத்தில் அமர்ந்தே உண்ணுதல், மெதுவாக உண்ணுதல் ஆகியன இதன் உத்திகள். ஸ்டூவர்ட் பின்னர் வெயிட் வாட்சர்ஸ் நிறுவனத்தில் உளவியல் பொறுப்பேற்றதால் இவ்வுத்திகள் பொதுமக்களிடம் பரவின. எனினும் குறைந்த எடை சில ஆண்டுகளில் திரும்புவதைப் பிந்தைய ஆய்வுகள் தொடர்ந்து காட்டின.

நோக்கங்கள் பிரிதல்

இதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி முன்னரே கிடைத்திருந்தது. 1944–45இல் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ், தாமாக முன்வந்த 36 இளைஞர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆய்வு செய்தார். அவர்களது சிந்தனையை உணவே ஆட்கொண்டது. கட்டுப்பாடு நீங்கிய பின் அவர்களுள் சிலர் வயிறு நிறைந்தும் உண்பதை நிறுத்த இயலாமல் தவித்தனர். 1985இல் ஜேனட் பொலிவியும் பீட்டர் ஹெர்மனும் உணவுக் கட்டுப்பாடே மிகையுண்ணலைத் தூண்டக்கூடும் என வாதிட்டனர். இடைப்பட்ட காலத்தில், 1978இல், சூசி ஓர்பாக் பெண்ணிய நோக்கில் எழுதிய நூல், பெண்ணுடல் மீதான சமூகக் கட்டளையைச் சிகிச்சை அறைக்குள் கேள்விக்கு உட்படுத்தியது.

ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் 1981இல் புலிமியா நோய்க்கு வெளியிட்ட அறிதிறன் நடத்தைச் சிகிச்சை, பட்டினியை ஒழித்து முறையான வேளைகளில் உண்பதையே முதற்படியாகக் கொண்டது. இம்முறை பின்னர் மிகையுண்ணல் கோளாறுக்கும் விரிவாக்கப்பட்டது. 2010இல் வெளியான ஆய்வு ஒன்று இக்கோளாறுடைய 205 பேரை மூன்று பிரிவுகளாக்கி ஒப்பிட்டது. எடை குறைப்பு நடத்தைச் சிகிச்சை பெற்றோரின் எடை சிகிச்சை முடிவில் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் இரண்டாண்டுகளுக்குப் பின் அவ்வேறுபாடு நிலைக்கவில்லை. மிகையுண்ணலிலிருந்து விடுபட்டோர், ஆளிடை உறவுச் சிகிச்சையும் வழிகாட்டலுடன் கூடிய அறிதிறன் நடத்தைத் தன்னுதவியும் பெற்றவர்களிடையே மிகுதி. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1994இல் பின்னிணைப்பில் வைத்திருந்த மிகையுண்ணல் கோளாற்றை 2013இல் தனி நோயாக ஏற்றது. அதன் வரையறையில் உடல் எடை இடம்பெறவில்லை. கட்டுப்பாட்டை இழந்த உணர்வும், வெட்கத்தால் தனித்து உண்பதும், உண்டபின் எழும் குற்றவுணர்வும் இடம்பெற்றுள்ளன.

முடிவுரை

பேண்டிங் தம் நூலில் ஓரமாகக் குறித்த அவமானம், 150 ஆண்டுகளுக்குப் பின் நோயின் வரையறைக்குள் வந்து சேர்ந்தது. இவ்வரலாறு எடை குறைப்பைத் தேவையற்றதாக்கவில்லை. நீரிழிவும் மூட்டுவலியும் உடையோர்க்கு அது தேவையாகலாம். ஆனால் கட்டுப்பாடிழந்து உண்பவரிடம் முதலில் எடையைக் கேட்டு, உணவைக் குறைக்கச் சொல்லும் ஆலோசனை, அவரது சிக்கலையே வளர்க்கக்கூடும் என்பதை இது புலப்படுத்துகிறது. எவ்வளவு உண்கிறீர் என்ற வினாவிற்கு முன், எந்நிலையில் உண்கிறீர் என்ற வினா எழ வேண்டும் என்பதே இந்நெடிய வரலாறு தரும் முடிவாகும்.